செந்தூர்க்கனி கொண்டுவந்த மழை

வெகுகாலம் வெளியூரில் இருந்துவிட்டு எங்கள் தூத்துக்குடிக்குத் திரும்பி வருகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு மழையைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள், அந்த மழை அவர்கள் தலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் எங்கிருந்தோ தொடங்கி ஒரு கயிற்றுக் கட்டில் அகலத்துக்கு மட்டும் பெய்யும், வீட்டுக்குள் போனால் வீட்டுக்குள்ளும் பெய்யும், கோயிலுக்குள் போனால் கோயிலுக்குள்ளும் பெய்யும், இதெல்லாம் இங்கே பிறந்த யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டிய சங்கதியே இல்லை. நீங்கள் வெளியூர் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிருந்தால் தூறல், இருபது வருஷம் என்றால் நல்ல மழை, அதற்கும் மேலே என்றால் கொட்டும். மணியாச்சி தாண்டியதும் ரயில் பெட்டிக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். எதனால் என்று கேட்காதீர்கள், எங்களுக்கும் தெரியாது, யோசித்துக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமும் இல்லை, ஏனென்றால் மழையோடு ஒருத்தர் வந்து நின்றால் அவரை எங்கே உட்கார வைப்பது, எங்கே படுக்க வைப்பது, எதில் சோறு போடுவது என்று பார்க்கவே பொழுது போய்விடும். ஸ்டேஷனில் பெட்டி தூக்குகிறவர்கள் பெட்டி நனையாமல் மூட ரப்பர் ஷீட் வைத்திருக்கிறார்கள். புரோட்டாக் கடைகளில் வெளியே வேப்ப மரத்தடியில் இவர்களுக்கென்று தனி பெஞ்சு உண்டு. மக்ரூன் கடைக்காரர்கள் மட்டும் வாசற்படியில் கூட நிற்க விடமாட்டார்கள், ஈரக்காற்று பட்டாலே அந்த மொறுமொறு முந்திரி மிட்டாய் பிசுபிசுத்துப் போகும், ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு நீளமான மரக்கரண்டியில் இரண்டு மக்ரூனை வைத்துத் தெருவுக்கு நீட்டுவார்கள், வந்தவர் அதை மழைக்குள் இழுப்பதற்கு முன்னால் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சர்ச்சில் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் ஒரு இடம், ரேஷன் கடையில் வரிசைக்கு வெளியே ஒரு இடம், டவுன் பஸ்ஸில் படிக்கட்டு. முதல் நாள் கூச்சப்படுவார்கள், இரண்டாம் நாள் பழகிவிடும்.

அந்த மழையில் விசேஷம் என்னவென்றால் அது நல்ல தண்ணீர். எங்கள் ஊரில் கிணறு தோண்டினாலும் உப்பு, போர் போட்டாலும் உப்பு, குழாயில் குடிதண்ணீர் வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்போம். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தர் தலைக்கு மேலே சர்க்கரையாய்த் தண்ணீர் கொட்டினால் சும்மா விடுவோமா? வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, கால்மாட்டில் ஒன்று, கைப்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று என்று குடத்தை வைத்து, நிறைந்ததும் அடுத்த வீட்டுக் குடம், அதற்கடுத்து அடுத்த வீடு. எந்தத் தெருவுக்கு ஆள் திரும்பி வந்தாலும் அந்தத் தெருவுக்கு யோகம்தான். சங்குக்காரத் தெருவில் அந்த வரிசையை நடத்துகிறவள் நான். மரியபுஷ்பம் என்று பெயர், புஷ்பம் என்றால்தான் தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால்தான் வரிசை ஒழுங்காகப் போகிறது.

மழை எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருத்தருக்கு முதல் வாய் புரோட்டாவிலேயே நின்றுபோனது, தெருவே அவரை முறைத்தது. பம்பாயில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு பெரியவருக்கு எட்டு மாதம் பெய்து, அவரைக் குழிக்குள் இறக்கும்போதும் பெய்துகொண்டிருந்தது. யாரைத் தேடி வந்தார்களோ அவர்களைப் பார்த்துவிட்டால் நின்றுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை முழுக்க நம்பவில்லை, நம்பாமலும் இருந்ததில்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதுதான் காரணம், அதனால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் போகவே கூடாத இடம் ஒன்றே ஒன்று, உப்பளம். தை பிறந்து ஆவணி புரட்டாசி வரைக்கும் அளத்தில் உப்பு விளைகிற காலம், அப்போது வரப்பு ஓரத்தில் அம்பாரம் அம்பாரமாக உப்பைக் குவித்து வைத்திருப்பார்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும், ஒரு நல்ல மழை பெய்தால் ஆறு மாத வேர்வையும் கரைந்து வாய்க்காலோடு போய்விடும். வானத்தில் மேகம் கூடினால் போட்டது போட்டபடி கிடக்க ஓடிப்போய்ப் பனையோலை போட்டு அம்பாரத்தை மூடுவதுதான் அளத்துக்காரன் பிழைப்பு. ஆகவே எல்லா அளத்து வாசலிலும் பலகை தொங்கும்: வெகுநாள் கழித்து ஊருக்கு வந்தவர்கள் உள்ளே வரக் கூடாது.

செந்தூர்க்கனி வந்தது வைகாசியில். மைசூர் ரயிலிலிருந்து இறங்கி, ஒரு பையும் ஒரு குடையுமாக, குடைக்குக் கீழேயும் மழை பெய்ய, எங்கள் தெருமுனையில் வந்து நின்றாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியோரம் நரை, ஹூப்ளியில் முப்பத்து நாலு வருஷம் இருந்ததில் தமிழுக்கு நடுவே கன்னடம் வந்து விழும் பேச்சு. மழையென்றால் அப்படி ஒரு மழை, தெரு நாய் எழுந்து ஓடிப்போனது. அவள் பிறந்து வளர்ந்த வீடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு மாடியும் ஒரு ஜெராக்ஸ் கடையும் இருந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வேறு யாரும் மூச்சு விடுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க வீட்டு மொட்டைமாடியில தங்கிக்கிடுங்க மதினி. தார்ப்பாய் போட்டுத் தாரேன், கட்டில் தாரேன், மூணு வேளையும் சோறு. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா உக்காந்தா போதும்."

"சும்மா உக்காரவா?" என்று கேட்டாள். அப்புறம் வரிசையாக வாசலில் இறங்கிய குடங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது இன்னும் நடக்கா ஊர்ல?"

அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவளும் வரிசையில் குடம் வைத்தவள்தானே. அதனால் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மொட்டைமாடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்காய் நறுக்கினாள், பூக் கட்டினாள், வருகிற பெண்களிடம் யார் மகள், எந்த வீடு என்று விசாரித்தாள், மழை பாட்டுக்குப் பெய்தது. தெரு முழுக்க அவளை மதினி என்றே கூப்பிட்டது. ஹூப்ளியில் மெஸ் நடத்தியதாகச் சொன்னாள். வீட்டுக்காரர் பசவராஜ் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார், ஒரே மகள் பத்து நாள்தான் விட்டிருக்கிறாள், பதினோராம் நாள் சனிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்றாள். ஒரு நாள் என் இடுப்பிலிருந்த குடம் நழுவி மாடிப்படியில் உருண்டபோது அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்தாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நடந்தால் கூடவே வருகிற அந்த மழை, அவள் ஓடினால் ஓடமுடியாமல் பிந்தியது, அவள் குடத்தைப் பிடித்து நிமிர்ந்து இரண்டு மூச்சு விட்ட பிறகுதான் வந்து சேர்ந்தது. "மழைக்கும் வயசாயிட்டு மதினி" என்றேன். அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தோம்.

மூன்றாம் நாள்தான் அவள் எதற்கு வந்தாள் என்று சொன்னாள். எங்கள் வீட்டுக்காரர் சவரிமுத்து அளத்தில் வேலை பார்க்கிறவர், வாரம் பூராவும் அங்கேயே குடிசையில் கிடந்து இரண்டொரு நாளைக்கு ஒருமுறை சோற்று வாளி மாற்ற வருவார். அவர் வந்ததும் மழைக்குள்ளிருந்து எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க அளத்துல பொன்லிங்கம்னு ஒருத்தன் இருக்கானா?"

"நம்ம பக்கத்து அளம்தான். ஏன் கேக்கிய?"

"என் தம்பி."

சவரிமுத்துவுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், சோற்று வாளியைக் கீழே வைத்தார். அவள்தான் சொன்னாள், என்னைப் பார்த்துச் சொன்னாள், குரலில் அழுகை இல்லை, அழுது முடித்த குரல். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது, தம்பிக்குப் பதினாலு. அம்மா இல்லாத வீடு. அப்பா ஒரு சாவு வீட்டுக்குத் திருச்செந்தூர் போகும்போது, மேகம் கூடுகிற மாதிரி இருக்கு, நீ போய் அம்பாரத்தை மூடிவிடு, உன்னை நம்பித்தான் போறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் அளத்துக்குப் போனாள். ஓலைக்கட்டை அவிழ்த்தாள். உப்பு ஏற்ற வந்த லாரியை ஓட்டிவந்தவர் பசவராஜ், முன்பே பழக்கம், இன்றைக்கு வந்தால் வா, இனிமேல் இந்தப் பக்கம் எனக்கு லோடு இல்லை என்றார். அவிழ்த்த ஓலைக்கட்டு அப்படியே கிடக்க அவள் லாரியில் ஏறினாள். கோவில்பட்டி தாண்டும்போது கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது.

"வண்டிய நிப்பாட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லல. அதுதான் நான் செஞ்சது."

தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து தனியாளாக மூடப் பார்த்திருக்கிறான். பதினாலு வயசுப் பிள்ளைக்கு எட்டின உயரம் வரைக்கும் ஓலை போட்டிருக்கிறான், மேலே எட்டவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே இருந்ததெல்லாம் அவன் கண் முன்னாலேயே கரைந்து அவன் தலை வழியாக வழிந்தது. அந்த வருஷத்தோடு அவன் படிப்பு நின்றது, அப்பா அந்த அளத்துக்குத் திரும்பப் போகவே இல்லை. இதெல்லாம் அவளுக்கு ஊர்க்காரர்கள் மூலமாகத் தெரிந்தது. எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அப்பா செத்த தகவல்கூட மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது.

"அவன் என்னை ஒரு தடவ அக்கான்னு கூப்பிடணும் அண்ணாச்சி. வேற ஒண்ணும் வேண்டாம். அளம் ஓடுற நேரம் அவன் டவுனுக்கு வரமாட்டான், நான் இந்த மழையோட அங்க வர முடியாது. நீங்கதான் சொல்லணும்."

சவரிமுத்து போய்ச் சொன்னார். பொன்லிங்கம் உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்காமல், "எந்த அக்கா?" என்று கேட்டானாம். அவ்வளவுதான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இவர் என்னிடம் சொன்னார், நான் அவளிடம் சொன்னேன். அன்றைக்குக் கொட்டியது பாருங்கள் மழை, ஒரு குடம் நிறைய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதன் பிறகும் விடாமல் சவரிமுத்து தினமும் அவன் அளத்து வரப்பில் போய் உட்கார்ந்து, உங்க அக்கா கத்தரிக்காய் நறுக்குது, உங்க அக்கா எங்க மகளுக்குப் பூக் கட்டுது, உங்க அக்கா இன்னைக்குச் சோறு திங்கல என்று காற்றிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வருவாராம். அவன் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டே இருப்பானாம். வியாழக்கிழமை மத்தியானம் வந்த மனுஷன் முகம் பளிச்சென்று இருந்தது. மதினி கீழே குளியலறையில் இருந்தாள். என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏ புஷ்பம், நாளைக்கு வெள்ளிக்கிழமை வெயில் தாழ அந்த மதினிய வரச் சொல்லிட்டான். அம்பாரத்த மூடி வைக்கேன்னான். அவன் மூடப் போறத பாத்துட்டு சுத்தி இருக்கிற பதினோரு அளத்துக்காரங்களும் மூடுதோம்னு சொல்லிட்டாங்க. பாத்தி உப்பையும் நாளைக்குள்ள வாரி எடுத்துருவோம். நான் இப்பவே போவணும், ஆள் பத்தாது. நீ சொல்லிரு."

நடு வைகாசியில், வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லாதபோது, ஒரு பெண்பிள்ளை வரட்டும் என்று பன்னிரண்டு அளத்தில் வேலையை நிறுத்தி அம்பாரத்தை மூடுகிறார்கள் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? சொல்லிவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். சொல்லத்தான் நினைத்தேன்.

ஆனால் சனிக்கிழமை காலை என் மகள் மெர்சிக்கு வளைகாப்பு. இருநூறு பேருக்குச் சமையல், ஏழு வகைச் சாதம், அவள் மாமியார் வீட்டிலிருந்து இரண்டு வேன் ஆட்கள். குழாயில் தண்ணீர் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மதினி தம்பியைப் பார்த்து, அவன் அக்கா என்று கூப்பிட்டு, மழை நின்றுபோனால் நான் யார் வாசலில் போய் நிற்பேன்? ஒரு நாள்தானே, சனிக்கிழமை மத்தியானம் சொன்னால் என்ன குடி முழுகிப் போகும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நான் குடம் குடமாகப் பிடித்து அண்டாவில் ஊற்றினேன், அறுபத்தெட்டுக் குடம், ஒன்றுகூட அவள் முகத்தைப் பார்த்துப் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் நாக்கு கூசுகிறது. இருந்தாலும் நான் சொல்லாவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. மதினியும் வந்து, யாரும் நனையாதபடி முற்றத்து ஓரமாக நின்றுகொண்டு, கையை மட்டும் மழைக்கு வெளியே நீட்டி மெர்சிக்கு இரண்டு வளையல் போட்டாள். மெர்சி குனிந்து அந்த ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மதினி என்னிடம் திரும்பி, "சாயங்காலம் ரயில். தம்பி ஒண்ணும் சொல்லி விடலல்ல புஷ்பம்?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் கையில் இருந்த லட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சவரிமுத்து. அளத்துச் சேறு காலோடு, மகள் வளைகாப்பு என்பதுகூட நினைவில்லாமல் நேரே வந்து நின்றார்.

"நேத்து ஏன் அந்த மதினி வரல? அவன் பொழுது சாயுற வரைக்கும் வாசல்லயே நின்னான். காலையில எல்லாரும், ஓலையைப் பிரிச்சுருவோம், வேல கெடக்குன்னாங்க. மத்தியானம் வரைக்கும் பாப்போம்னான். இப்ப எழுந்து, அவ அன்னைக்கும் போட்டுட்டுப் போனா, இன்னைக்கும் வரலன்னு சொல்லிட்டு அம்பாரத்து மேல ஏறிட்டான்."

முற்றத்தில் அவ்வளவு கூட்டமும் என்னைப் பார்த்தது. மெர்சி, "எம்மா, என்னம்மா செஞ்ச?" என்றாள். நான் மதினி பக்கமாகப் போனேன், மழைக்குள்ளேயே போய் நின்றேன், புதுப் பட்டுச்சேலை அவ்வளவும் நனைந்தது.

"வியாழக்கிழமையே சொல்லி விட்டான் மதினி. தண்ணிக்கு ஆசப்பட்டு நான்தான் சொல்லல. என்னய என்ன வேணும்னாலும் செய்யுங்க."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் முகத்தில் வழிந்த தண்ணீரைத் தன் கையால் ஒருமுறை துடைத்துவிட்டாள்.

"நீ ஒரு நாள் பிந்திட்ட. நான் முப்பத்து நாலு வருஷம். வண்டி எதாவது பிடி."

ஆட்டோவில் மதினி, நான், முன்னால் டிரைவர் பக்கத்தில் சவரிமுத்து. ஆட்டோவுக்குள் கணுக்கால் தண்ணீர். டிரைவர் மீட்டர் நனையுது, சீட்டு நனையுது என்று வழி முழுக்க முணுமுணுத்துவிட்டு, அளத்து வாசலில் இறக்கிவிட்டதும் போகாமல் இன்ஜினை அணைத்துவிட்டு அவரும் கூடவே வந்தார். பலகைக்குக் கீழே காவலாளி நின்றார். அவர் எங்களையும் பார்த்தார், அவள் தலைக்கு மேலே கொட்டுகிற மழையையும் பார்த்தார், பிறகு பலகையைக் கழற்றிச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளை வெளேரென்று கண் கூசுகிற அளம் அன்றைக்குப் பழுப்பாகக் கிடந்தது. பன்னிரண்டு அளத்து அம்பாரமும் ஓலை போர்த்தி, கயிறு கட்டி, கல் வைத்து, பாத்திகளில் உப்பு வாரி எடுத்து வெறும் தரையாக. எல்லாம் இவளுக்காக. கடைசிக் கோடி அளத்தில் ஒரு அம்பாரத்தின் உச்சியில் மட்டும் ஒருத்தன் உட்கார்ந்து ஓலையை உருவி உருவிக் கீழே எறிந்துகொண்டிருந்தான். மேற்குப் பக்கம் பாதிக்கு மேல் திறந்து வெயிலில் பளீரென்று மின்னியது.

"பொன்லிங்கம்" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். நாற்பத்தெட்டு வயது, உப்பு வெளிச்சத்தில் இடுங்கிப்போன கண்ணுக்கு மேல் கையைக் குடையாக வைத்துப் பார்த்தான். பிறகு கையை இறக்கிவிட்டு அடுத்த ஓலையை உருவி எறிந்தான்.

அவள் மறுபடியும் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றினாள், சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகினாள், வரப்பின் மேல் ஓடத் தொடங்கினாள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை ஓடுகிற ஓட்டமா அது, இரண்டு பக்கமும் பாத்தி, நடுவில் ஒற்றைக்கால் அகலத்து வரப்பு, ஒரு இடத்திலும் கால் தடுமாறவில்லை, வரப்பின் ஒவ்வொரு திருப்பமும் அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. பின்னாலேயே அந்த மழை, வெறும் தரையில் சடசடவென்று அடித்துக்கொண்டு, அவளுக்கு ஐம்பதடி பிந்தி, பிறகு நாற்பதடி பிந்தி வந்தது. அளத்துக்காரர்கள் குடிசைகளிலிருந்து வெளியே வந்து நின்றார்கள். யாரோ, "ஓலை, ஓலை" என்றார்கள். யாரும் கிட்டே போகவில்லை, அது அவள் மூட வேண்டிய அம்பாரம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அம்பாரத்தடியில் கிடந்த முதல் ஓலையை எடுத்து, காம்பு மேலேயும் விரிப்பு கீழேயுமாக அடியிலிருந்து வைத்தாள். அடியிலிருந்து தொடங்கி மேலே ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும், அவசரத்தில் தெரியாதவர்கள் மேலே இருந்து தொடங்குவார்கள். அவளுக்கு மறக்கவில்லை. ஒரு வரிசை, அதற்கு மேல் ஒரு வரிசை. ஆள் உயரம் வந்ததும் அவள் கை எட்டவில்லை. ஓலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். மழை இருபதடியில் வந்துகொண்டிருந்தது.

அவன் அவளைப் பார்த்தான். அவள் கை எவ்வளவு உயரத்தில் நின்றுபோனது என்று பார்த்தான். பிறகு குனிந்து கையை நீட்டி ஓலையை வாங்கினான்.

அவள் கொடுக்கக் கொடுக்க அவன் வாங்கி வைத்தான், ஓலை உரசுகிற சத்தம் மட்டும். கடைசி ஓலை போட்டு, அவன் கயிற்றை எறிய, அவள் பிடித்து இழுத்து அடியில் கல்லில் சுற்றி முடிச்சுப் போடவும் மழை வந்து அம்பாரத்தின் மேல் இறங்கவும் சரியாக இருந்தது. ஓலை மேல் தபதபவென்று விழுந்தது. அவன் சறுக்கிக்கொண்டு கீழே இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு பேரும் முடிச்சையே பார்த்துக்கொண்டு நனைந்தார்கள். அவன் முகத்திலும் புருவத்திலும் காய்ந்திருந்த உப்பு கரைந்து இறங்கியது, அவன் அதை நக்கிப் பார்த்துத் துப்பினான்.

"ரயில் அஞ்சு மணிக்காமே" என்றான். அதுதான் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஆமா."

"போயிரும்."

"போவட்டும்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு அம்பாரத்தின் பக்கமாகத் திரும்பி, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓலைக்கு அடியில் கையை முழங்கை வரைக்கும் விட்டான். பதினாலு வயதில் எவ்வளவு உயரத்தில் அவன் கை நின்றதோ அதற்கும் மேலே விட்டான். உள்ளே துழாவி ஒரு பிடி அள்ளி, மழை படாமல் மற்றக் கையால் மூடி வெளியே எடுத்து, அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினான். காய்ந்த உப்பு, பரல் பரலாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தது.

"நனையலக்கா" என்றான்.

அவள் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு நெற்றியில் முட்டிக்கொண்டு அழுதாள், அவனும் அழுதான், சவரிமுத்து அழுதார், இதில் சம்பந்தமே இல்லாத ஆட்டோ டிரைவர் அழுதார், நான் அழுததை எதற்குச் சொல்ல. அளத்துக்காரர்கள் மட்டும் காரியத்தில் கண்ணாகச் சோற்று வாளி மூடியையும் தகர டம்ளரையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள், ஏனென்றால் அளத்தில் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கிற நாள் எது. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தர் டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றவர், அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விழவில்லையே என்றார். அப்போதுதான் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மழை எப்போது நின்றது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. பத்து நாளாகக் குடம் குடமாக அளந்து பிடித்தவள் நான், எனக்கே தெரியவில்லை.